ஊர்க் கட்டுப்பாடு போட்டால் குடி நின்றுவிடுமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் குழுவில் இருக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டுக் குடிப் பிரச்சினையைப் பேசப்போகிறோம். அன்று முதல் யாரும் குடிக்கக் கூடாது, மீறினால் அபராதம், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கும் சம்மதம்தான். ஆனால் என் கணவர் பத்து வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டராவது குடிப்பவர். போன ஆடியில் காப்புக் கட்டிக்கொண்டு நிறுத்தினார். மறுநாளே கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். மாமியார் பயந்துபோய்க் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் அடங்கினார். அவர் நிறுத்தலாமா? தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடியை வாங்கலாமா? கூட்டத்தில் நான் என்ன பேசுவது? பையன்கள் சிலர் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வதாகவும் பேச்சு இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டியதும் அதிலேயே இருக்கிறது.

அவர் நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். ஆனால் வீட்டில் வைத்து, ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தினமும் குடிக்கும்போது மது மூளையை மந்தப்படுத்துகிறது. அதை ஈடுகட்ட மூளை எப்போதும் தன்னை முறுக்கேற்றியே வைத்துக்கொள்கிறது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் மந்தம் போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு ஆள், இடம் தெரியாத குழப்பம் வரும். பூச்சி தெரியும், யாரோ கூப்பிடுவது கேட்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள், கட்டிப் போடுகிறார்கள். அந்த நேரத்தில் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எகிறி உயிரே போகலாம். உங்கள் கணவருக்கு மூன்றாம் நாள் வந்தது பெரும்பாலும் இதன் ஆரம்பம்தான். மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். இனி அப்படி நடந்தால் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தடுமாறும் ஆளுக்கு எதைக் கொடுத்தாலும் புரையேறலாம். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். முன்பு நிறுத்தியபோது பூச்சி தெரிந்ததை மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் பெரும்பாலும் வார்டில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். டயசெபாம், லோராசெபாம் வகை மாத்திரைகளைத் தேவையான அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல இது. இன்னொன்று, நம் ஊர்களில் குடிப்பவர் சோர்ந்து விழுந்தால் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்பது வழக்கம். வருடக்கணக்கில் குடித்தவர் உடம்பில் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தயமின் ஊசி போட்டீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் நாள்வரை அவர் திடீரென்று நிறுத்த வேண்டாம். டாக்டரே குடிக்கச் சொல்கிறாரே என்று யாராவது கேட்டால், ஆமாம், அந்தச் சில நாட்களுக்கு மட்டும், உயிர் முக்கியம் என்பதற்காக என்று சொல்லுங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. அளவு இதற்கு மேல் ஏறாமல், முடிந்தால் சிறிது சிறிதாகக் குறையட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீர் கலந்து. குடித்துவிட்டு பைக்கை எடுக்கவே கூடாது. சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொடியை வாங்காதீர்கள். அப்படி விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பலர் ரகசியமாகக் கலந்து கொடுப்பது டைசல்ஃபிராம் என்ற மாத்திரை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துபோகும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தும் போகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுபவருக்கு நல்ல மருந்து. தெரியாமல் கலந்து கொடுத்தால் அது விஷம் வைப்பதுதான். விஷயம் வெளியே தெரிந்த பிறகு உங்கள் கையால் ஒரு வாய்ச் சோறுகூட நம்பிச் சாப்பிட மாட்டார்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் மதுக்கடை இருந்தால் அதை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள், நானும் உங்கள் பக்கம். ஆனால் அபராதத்தையும் ஒதுக்கி வைப்பதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். உங்கள் கணவர் நிலையில் ஊரில் இன்னும் பலர் இருப்பார்கள். தேதி குறித்து எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் அந்த வாரமே சிலர் வலிப்பு வந்து விழலாம். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது வார்னிஷ், ஷேவிங் லோஷன் குடித்துத் தமிழ்நாட்டில் ஆட்கள் செத்தார்கள். அபராதத்துக்குப் பயந்தவன் குடியை விடமாட்டான். தோப்புக்குள் மறைந்து குடிப்பான், பாக்கெட்டில் விற்கும் கள்ளச் சாராயம் வாங்குவான்.

பாக்கெட் சாராயம் என்ன செய்யும் என்று உங்கள் பக்கத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் அதைக் குடித்துப் பலர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், 60 பேருக்கு மேல் போனார்கள். அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் விஷ ஆல்கஹால். அதைக் குடித்தவருக்கு முதலில் வழக்கமான மப்பு போலத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைப்பதில்தான் நேரம் போகிறது. சீக்கிரம் வந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கொடுத்து உயிரையும் பார்வையையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயம் இருந்தால் எந்த மனைவி நடு ராத்திரியில் 108-ஐக் கூப்பிடுவாள்? அதனால், குடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் மீதும் அவர் வீட்டார் மீதும் எந்த நடவடிக்கையும் கிடையாது என்று ஊர் முன்னால் வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் வரத் தயாராக இருக்கும் ஓர் ஆட்டோக்காரரையும் பேசி வையுங்கள்.

போதையில் நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்து, மேல் காலை மடக்கி, வாய் தரையைப் பார்க்கிற மாதிரிப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். தட்டி எழுப்பியும் அசையவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ்தான்.

மாத்திரை ஊசி போடும் பையன்களைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வரும். அதற்கு முன்னால் அந்தப் பையன்கள் காதில் இரண்டு விஷயம் விழட்டும். அந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். தனியாக இருந்தால் காப்பாற்ற ஆள் இருக்காது. அப்புறம், ஓர் ஊசியை இருவர் பகிர்ந்தால் எச்ஐவியும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் தொற்றலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலானோருக்குச் சுமார் மூன்று மாத மாத்திரையில் குணப்படுத்தலாம், அரசுத் திட்டத்தில் அதுவும் இலவசம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கூட்டத்துக்கே அழையுங்கள். போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, அவசரத்துக்கு 108. இந்த மூன்று எண்களையும் ரேஷன் கடைச் சுவரிலும் டீக்கடை வாசலிலும் பெரிதாக எழுதி வைக்க கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.