புதிய எயார் பிஸ்ரல் வாங்கலாமா? வவுனியாவிலிருந்து ஒரு தாயின் கேள்வி

கேள்வி: மகள் உயர்தரம் படிக்கிறாள். விடுமுறைகளில் கொழும்பில் 10 மீற்றர் எயார் பிஸ்ரல் பழகுகிறாள். கழகத்தின் பிஸ்ரலால்தான் சுடுகிறாள். கனடாவில் இருக்கும் என் தம்பி, புதிதாக வந்த ஒரு மாதிரியை வாங்கித் தருகிறேன் என்கிறான். எலெக்ரோனிக் விசை, உதைப்பைக் குறைக்கும் அமைப்பு, மேலே ரெட் டொட் என்ற மின்குறியைப் பூட்டும் தட்டு எல்லாம் இருக்கிறதாம். பழைய மாதிரிகளை விட இது நல்லதா? வவுனியாவில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

பதில்: அம்மா, ரெட் டொட் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். சர்வதேச விதிப்படி 10 மீற்றர் எயார் பிஸ்ரலில் திறந்த குறி மட்டும்தான் அனுமதி. முன்னால் ஒரு கட்டை, பின்னால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். வில்லையோ மின்குறியோ பூட்டிய பிஸ்ரலைப் பரிசோதனை மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தத் தட்டுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம்.

அந்த மேசையில் பார்ப்பது இவைதான்: மொத்த நிறை 1500 கிராமுக்கு மேல் போகக்கூடாது, பிஸ்ரல் 420 × 200 × 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், விசையை இழுக்கத் தேவையான கனம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது, குண்டு 4.5 மில்லிமீற்றர். புதிய மாதிரி இவற்றுக்குள் அடங்குகிறதா என்று தம்பியை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். "போட்டித் தரம்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

எதோடு ஒப்பிடுவது? பல வருடமாக ஒலிம்பிக் வரைக்கும் நின்று பிடித்தவை சில உண்டு: ஒஸ்ரியாவின் ஸ்ரெயர் ஈவோ 10, ஜேர்மனியின் வால்தர் எல்பி 500, பைன்வேர்க்பவ் பி8எக்ஸ், இத்தாலியின் பார்தினி கே12, சுவிஸின் மொரினி சிஎம் 162இஐ. விலைகள் பெரும்பாலும் 1500 யூரோவுக்கு மேலே. துல்லியத்தில் இவற்றுக்குள் உங்கள் மகள் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. பிடிதாங்கியில் இறுக்கிச் சுட்டால் எல்லாமே இலக்கின் நடுவிலுள்ள 11.5 மில்லிமீற்றர் அகலமான 10ஆம் வளையத்துக்குள் திரும்பத் திரும்பப் போடும். புதிய மாதிரியும் போடும். ஆகவே குழல் எது நல்லது என்பதல்ல இங்கே கேள்வி. கைக்கும் பிஸ்ரலுக்கும் பொருந்துகிறதா என்பதும், பழுதானால் என்ன செய்வீர்கள் என்பதும்தான்.

உதைப்பைக் குறைக்கும் அமைப்பை அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். குண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 150 மீற்றர் வேகத்தில் போகிறது, அதன் நிறை அரைக் கிராம். அந்த உதைப்பு சிறியது. குண்டு குழலை விட்டுப் போன பிறகுதான் கை அதை உணர்கிறது. அமைப்பு இருந்தால் சுட்ட பின் குறி அசையாமல் நிற்கும், தன் பிழையைப் பிள்ளை தெளிவாகப் பார்ப்பாள். அந்த நன்மை உண்மைதான். ஆனால் அது இல்லாத மொரினியால் பதக்கம் வென்றவர்கள் பலர். இதற்காக விலை ஏற விட வேண்டாம்.

எலெக்ரோனிக் விசைக்கு மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடும், குண்டு இல்லாமல் வீட்டில் பழகுவதற்கும் வசதி. பற்றரி இறங்கினால் பிஸ்ரல் செத்துப்போகும். உதிரிப் பற்றரி பையில் கிடக்க வேண்டும். மாரியில் பற்றரித் தொடுமுனைகளில் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சாதாரண இயந்திர விசையில் கோளாறு வந்தால் பயிற்றுநரே திறந்து திருத்திவிடலாம். மின்சுற்று போனால் நாட்டுக்கு வெளியே அனுப்பத்தான் வேண்டும். 2021 தோக்கியோ ஒலிம்பிக்கை நினைவில் வையுங்கள். இந்தியாவின் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்ரலின் நெம்புகோல் உடைந்தது. திருத்தப் போய்ப் பல நிமிடங்கள் கரைந்தன. 575 எடுத்து 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குத் தேவைப்பட்டது 577. அதே மனு 2024 பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். உலகத் தரமான பிஸ்ரலுக்கே ஒரு சின்னப் பாகம் இப்படிச் செய்யும். சந்தைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத மாதிரிக்கு உதிரிப்பாகத்தை இங்கிருந்து எங்கே தேடுவீர்கள்? என் கருத்தில், முதல் பிஸ்ரல் கழகத்தில் ஏற்கெனவே இருக்கும் மாதிரியாகவே இருக்கட்டும். அழுத்திய காற்று அடைக்கும் சிலிண்டரும், காற்றுக் கசியாமல் தடுக்கும் ஓ-றிங் என்ற றப்பர் வளையமும் பகிரலாம், திருத்தத் தெரிந்த கையும் பக்கத்தில் இருக்கும்.

இனிப் பிஸ்ரலின் கைப்பிடி. பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. வலக்கை, இடக்கைக்கு வேறு வேறு. கழகத்தில் மற்றப் பிள்ளைகளின் பிஸ்ரல்களைக் கேட்டு வாங்கி இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்: குண்டு போடாமல், இலக்கை நோக்கிக் கையை உயர்த்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். முன்குறி பின்குறி வெட்டின் நடுவில் நிற்கிறதா? பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒரே பக்கம் சாய்ந்தால் பிடி பொருந்தவில்லை. அதைக் கையால் வளைத்துத் திருத்தப் பழகினால் போட்டியின் 40ஆவது குண்டில் கை களைத்துவிடும். குறிகளுக்கிடையே தூரம் ஏறக்குறைய 340 மில்லிமீற்றர். முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால் 10 மீற்றரில் 29 மில்லிமீற்றர் விலகும், அதாவது 7ஆம் வளையத்தின் ஓரம். பிடியைத் திருத்த, உள்ளங்கையில் சோக்குத் தூள் பூசிப் பிடித்துப் பாருங்கள்: தூள் அழுத்தமாகப் படிந்த இடத்தை அரத்தால் மெல்லத் தேய்க்கலாம், படியாத இடத்தை மரப் புட்டியால் நிரப்பலாம். ஒரு நாளில் ஒரு இடம் மட்டும். அவசரப்பட்டுத் தேய்த்த மரம் திரும்ப வராது. உள்ளங்கைத் தாங்கி பிடியோடு 90 பாகைக்குக் குறைந்த கோணத்தில் கையைக் கவ்வினால் விதிமீறல்.

விசையைச் சோதிக்க, கடையில் வாங்கிய அரைக் கிலோ நிறைக்கல் போதும். குண்டு இல்லாமல், சிலிண்டரில் காற்று இருக்க, நெம்புகோலை இழுத்துச் சுடத் தயாராக்கி, குழலை நிமிர்த்தி, கல்லை மேசையிலிருந்து விசையால் தூக்க வேண்டும். போட்டியில் மூன்று தடவை தருவார்கள். 500ஐ மயிரிழையில் தொட வைக்காமல் 515 அளவில் வைக்கச் சொல்லுங்கள். தூசி பட்டாலே சில கிராம் மாறும். கிறவல் வீதியில் பயணப்படும் பிஸ்ரலுக்கு அது சாதாரணம்.

வன்னிக்கு உண்மையான தலையிடி காற்றுத்தான். சிலிண்டரை 200 பார் அழுத்தம் வரை நிரப்ப வேண்டும். ஒரு நிரப்பலில் 150 குண்டுக்கு மேல் சுடலாம். சுழியோடிகளின் தாங்கியிலிருந்து நிரப்புவதே நல்லது. திருகோணமலை நிலாவெளிப் பக்கம் சுழியோடும் நிலையங்கள் இருக்கின்றன. கைப்பம்பும் வாங்கலாம், ஈரம் பிடிக்கும் வடிகட்டியோடு. கார்த்திகை, மார்கழி ஈரக்காற்றை வடிகட்டி இல்லாமல் அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் நின்று உள்ளே கறல் அரிக்கும், அது வெளியே தெரியாது. முப்பது, நாற்பது தடவை அடித்ததும் நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றி, பம்ப் ஆறிய பிறகு தொடரலாம். ஆஸ்பத்திரி ஒட்சிசனையோ ஒட்டுவேலை ஒட்சிசனையோ எக்காரணம் கொண்டும் நிரப்பாதீர்கள். உள்ளே கிறீஸ் இருக்கிறது. உயர் அழுத்த ஒட்சிசன் அதைத் தொட்டால் வெடிக்கும். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

வெயிலும் சும்மா விடாது. 27 பாகையில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், மூடிய வானுக்குள் 47 பாகையில் 213 பார் காட்டும். வானுக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். சிலிண்டரில் பொறித்த மாதமும் வருடமும் பாருங்கள். வழக்கமான ஆயுள் 10 வருடம், பழைய சிலிண்டரைப் புதுப் பிஸ்ரலோடு தள்ளிவிடுவது நடக்கும். ஓ-றிங்குக்கு சிலிக்கன் கிறீஸ், துளியளவு. தேங்காய் எண்ணெயும் என்ஜின் ஒயிலும் வேண்டாம். வெளிச்சம் அடிக்கும் கொட்டகையில் முன்குறி மினுங்கினால், அதைக் கழற்றி எடுத்துக் கற்பூரப் புகையில் கருக்கிப் பூட்டலாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காற்றில் இயங்குகிறது என்பதற்காகச் சுங்கம் இதை விளையாட்டுச் சாமானாக எடுக்காது. கழகத்தின் கடிதத்தோடு பாதுகாப்பு அமைச்சின் எழுத்து அனுமதியை முதலில் பெறுங்கள்; தம்பிக்கும் அங்கே ஏற்றுமதி விதிகள் இருக்கும். அனுமதி கையில் வராமல் பொதி புறப்படக்கூடாது. விமானத்தில் சிலிண்டர் வெறுமையாகவே வர வேண்டும். இங்கே வந்த பிறகு பூட்டிய பெட்டியில், பத்திரங்களின் பிரதியோடு கொண்டு போங்கள். எங்கள் பக்கத்து பஸ்ஸில் பையைத் திறந்ததும் ஒரு பிஸ்ரல் தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர் எதை நினைத்துப் பதறுவார் என்று உங்களுக்குத் தெரியும்.

தம்பிக்கு இப்போதே உதவ ஆசை என்றால், மகளின் கைக்கு ஏற்ற பிடியின் அளவை எடுத்து அனுப்புங்கள். கழகத்தின் பிஸ்ரலுக்கே பொருந்துகிற பிடியாக இருந்தால், அனுமதி வரும் வரைக்கும் அவள் அதிலேயே பழகலாம்.