மசாஜ் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு? கேள்வி பதில்

குடியாத்தம்: பீடி சுற்றும் பெண்கள் இடுப்பு வலி, கழுத்து வலி என்று வருகிறார்கள் அக்கா. மசாஜில் குணமாகும் என்று ஆராய்ச்சி சொல்வதாகச் சொல்லலாமா?

அப்படிச் சொல்லாதே தங்கச்சி. இடுப்பு வலிக்கு மசாஜ் உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை எதுவும் எடுக்காதவர்களைவிட மசாஜ் எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். ஆய்வுகளின் தரம் போதாது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால், "கொஞ்ச நாளைக்கு வலி குறையலாம், திரும்பவும் வரலாம்" என்று சொல். அதுவும் இடுப்புக்கு வந்த முடிவு, கழுத்துக்கு அப்படியே பொருத்தாதே. முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்திருப்பவரை நடுநடுவே எழுந்து நடக்கவும் சொல்.

காட்பாடி: என்னிடம் வந்து குணமானவர்கள் எத்தனையோ பேர். அது ஆதாரம் ஆகாதா?

வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நம்மிடம் வருகிறார்கள். தசைப்பிடிப்பு பல நேரம் தானாகவே இறங்கிவிடும், பெயர் நம் கைக்குக் கிடைக்கும். குணமாகாதவர் திரும்பி வந்து சொல்வதும் இல்லை, வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார். இதற்காகத்தான் ஆய்வில் குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மசாஜ் செய்து பார்க்கிறார்கள். நீங்கள் ஒரு நோட்டு போடுங்கள் தம்பி. முதல் நாள் வலி பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து கேளுங்கள், முக்கியமாகத் திரும்ப வராதவர்களிடம்.

ஆம்பூர்: ஓட்டப்பந்தயப் பையன்களுக்குக் காலை நீவிவிட்டால் லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று பயிற்சியில் சொன்னார்களே?

அது தவறு. ஓடும்போது தசையில் சேரும் அந்த அமிலம், ஓடி முடித்த ஒரு மணி நேரம் போல் தானாகவே இறங்கிவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. 2012-ல் 11 இளைஞர்களுக்கு ஒரு காலில் மட்டும் மசாஜ் செய்து, இரண்டு கால் தசையிலும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் வித்தியாசம் இல்லை, அழற்சிக்கான அறிகுறிகள்தான் குறைந்திருந்தன. சுவாரசியமான முடிவுதான். ஆனால் பதினொரு இளைஞர்களை வைத்து அறுபது வயதுக்காரருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

ராணிப்பேட்டை: ஆங்கிலம் அவ்வளவாக வராது. எதைப் படிப்பது?

காக்ரேன் சுருக்கங்கள் பல தமிழிலேயே இருக்கின்றன. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் சுருக்கம் இலவசம், போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். யாருக்குச் செய்தார்கள், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், பலன் எவ்வளவு நாள் நின்றது, இந்த நான்கை முதலில் தேடுங்கள்.

ஆற்காடு: ஒருவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. எந்த ஆய்வைப் பார்க்கட்டும்?

ஆய்வு தேடாதீர்கள், கையும் வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.