மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) இல்லாத கேமராவில் வெயிலில் எக்ஸ்போஷரை (ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை) எப்படிக் கணிப்பது?

வீட்டுப் பரணில் கிடைத்ததோ பழைய சாமான் கடையில் வாங்கியதோ, கையில் ஒரு ஃபிலிம் கேமரா இருக்கிறது, முதல் ரோல் வீணாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் என நினைக்கிறேன். வீணாகாது. இங்கே ஒருவர் "மீட்டர் இல்லாமல் ஃபிலிம் எடுப்பது காசைக் கரியாக்குவது" என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம், எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (ஃபிலிம் எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) பக்கத்தில் எது இருக்கிறதோ அது. 100 என்றால் 1/125 வினாடி, 400 என்றால் 1/500. அவ்வளவுதான். முன்பு இதைப் படம் போட்டு ஃபிலிம் அட்டைப்பெட்டிக்கு உள்பக்கமே அச்சடித்திருப்பார்கள்.

நான் இதைக் கற்றது தூத்துக்குடி உப்பளத்தில். என்னிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி, உள்ளே 125 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ரோல், மொத்தமே 12 படம். அந்தக் கேமராவின் மீட்டருக்கு வேண்டிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதே இல்லை, நான் போட்டிருந்த மாற்று பேட்டரியும் அன்று செத்துப்போய் முள் அசையவில்லை. திரும்பிவிடலாம் என்றேன். கூட வந்த அண்ணாச்சி (ஸ்டுடியோ வைத்திருந்து மூடியவர்) பாத்தி வரப்பின் மேல் கையை நீட்டி, "வானத்த ஏன் பாக்கே, நெழலப் பாரு தம்பி" என்றார். ஐந்து விரலும் தனித்தனியாக, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல விழுந்திருந்தது. அது 16. ஓரம் மசங்கினால் 11, நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் 8, நிழலே இல்லாத கனத்த மேகம் 5.6, கட்டட நிழலுக்குள் நிற்கிறவர் என்றால் 4.

உப்புக் குவியலை எடுக்க 22-க்கு மூடச் சொன்னார். ஆனால் தலையில் துண்டு கட்டி உப்பு வாரிக்கொண்டிருந்த அக்காவைப் பக்கத்தில் போய் எடுத்தபோது, "இப்பவும் மூடுனா மொகம் கரியாயிரும், 11-க்குத் தொற" என்றார். எதிர்வெயிலில் முகத்துக்கு 16-லிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் திறந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு) திறக்க வேண்டிய இடம்தான் அது. கீழே கிடந்த உப்பே வெளிச்சத்தை முகத்தில் திருப்பி அடித்ததால் ஒன்று போதுமானதாக இருந்தது. இதைக் கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் எனக்குச் சொல்லியிருக்காது, வெள்ளையைக் கண்டால் அதைச் சாம்பல் நிறமாக்கத்தான் அதற்குத் தெரியும். 12-ல் 11 நன்றாக வந்தது. கெட்டது ஒன்று, மேகம் கடந்த நேரத்தில் நிழலைத் திரும்பிப் பார்க்காமல் அழுத்தியது.

போனில் மீட்டர் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நானும் வீட்டுக்குள் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேராகவே படம் விழும் ஃபிலிம்) போடுகிறவர்களும் சண்டைக்கு வர வேண்டாம், அதற்கு அரை ஸ்டாப் தவறினாலே தெரியும், நான் சொல்வது நெகட்டிவுக்கு. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் அதிகமாகவே கொடுங்கள், குறைத்துவிட்டால் நிழல் பகுதியில் எதுவுமே பதியாது. விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது அடைவதற்கு முன் இரண்டு மணி நேரம் இந்தக் கணக்கு ஓடாது, இன்னும் திறக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த ரோலைக் கழுவிய லேப் ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டது. கேட்டால், "யாரும் கேக்குறதில்ல சார்" என்கிறார்கள். அந்த அக்காவுக்குப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன், கையில் இருந்த சின்ன ஃபைல் அதற்குத் தாங்கவில்லை. ரோலைக் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று கவர் மேல் எழுதிக் கொடுங்கள்.