வேடியப்பன் கல்லும் பள்ளிக்கூடமும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இந்த மேலைக் கல்வி நம் பிள்ளைகளை மண்ணிலிருந்தும் சாமியிலிருந்தும் பிரித்துவிட்டது. அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, என் அம்மாவிடமே வெள்ளாமை, மூலிகை, வழிபாடு எல்லாம் பழக விடலாமா?

வாசகர், ஊத்தங்கரை

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவிடம் கட்டாயம் விடுங்கள். பள்ளியை நிறுத்தாதீர்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு வேடியப்பன் கல் உண்டு. விதைப்பு நாளில் என் ஆயா, அதாவது பாட்டி, ஒரு பிடி விதையை அதன் முன்னால் வைத்துக் கும்பிடுவார். அதற்கப்புறம்தான் விதைக்கூடையை எங்களைத் தொடவே விடுவார். ராகிக்கு நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் போடுவார். மழை ஏமாற்றி ராகி காய்ந்த வருஷமும் பனிக்கு அவரை காய்த்துவிடும். இதெல்லாம் அவர் பின்னாலேயே நடந்து தெரிந்துகொண்டது. பள்ளியில் ஒருவரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததால், இது ஓர் அறிவு என்றே எனக்கும் தோன்றவில்லை. இன்றும் வலிக்கிற விஷயம் அதுதான்.

ஆனால் அந்தக் கல்லில் எழுத்தும் இருந்தது. ஆயாவுக்கு அது சாமி, அவ்வளவுதான். நம் பக்கத்து வேடியப்பன் கற்களில் பலவும் நடுகற்கள், சிலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்றிருக்கும், தொறு என்றால் மாட்டு மந்தை என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு படித்தது. மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு மனிதனை எங்கள் ஊர் இத்தனை நூற்றாண்டாகக் கும்பிட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறது! அன்றைக்கு ஆயா மேல் எனக்கு மரியாதை கூடியது.

வெள்ளைக்காரன் வருமுன் இங்கே பள்ளியே இல்லை என்பதும் பொய். இதே பாராமகாலில் (நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்கு அன்றைய பெயர்) 1792 முதல் 1799 வரை வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பிறகு சென்னை ஆளுநராகி 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. சரி, பெருமைதான். ஆனால் அதே கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். என் ஆயாவைப் போன்ற ஒரு பெண்ணுக்கு அந்தத் திண்ணைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்காது. அதனால் பழையதற்கே திரும்புவோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாமை விதைப்பு வந்ததும் மகனுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுங்கள். விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுத வேண்டாம். 'ஆயாவோடு சாமை விதைப்பு' என்றே எழுதி, அவனையே ஆசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.