ஜிட்டர் பஃபர் என்றால் என்ன? இணைய அழைப்பில் குரல் ஏன் வெட்டுகிறது?

இணைய அழைப்பில் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டு துண்டுகளாகக் கிளம்புகிறது. வழி நெரிசலால் ஒன்று சீக்கிரம் வரும், இன்னொன்று பிந்தும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஜிட்டர். வந்த துண்டுகளைச் சற்றே பிடித்துவைத்து, வரிசை எண் பார்த்து, சீரான இடைவெளியில் ஒலிக்க விடுவது ஜிட்டர் பஃபர்.

வேலூரில் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரீன் சர்க்கிள் நெரிசலில் சிக்கினால் மூன்று பஸ்கள் ஒட்டிக்கொண்டுதான் வந்து சேரும் (காத்து நின்றவர்களுக்குத் தெரியும்). பாகாயத்தில் ஒருவர் அவற்றை நிறுத்தி, பழையபடி பத்து நிமிட இடைவெளியில் திருப்பி அனுப்பினால்? அதே வேலைதான் இங்கேயும். ரொம்ப நேரம் பிடித்துவைத்தால் பேச்சு பின்தங்கி, இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்வார்கள். குறைத்தால், பிந்திய துண்டு தூக்கி எறியப்பட்டு குரல் வெட்டும்.

அப்புறம், இணைய பிளானை 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். வேகம் வேறு, ஜிட்டர் வேறு. வைஃபை சிக்னல் தள்ளாடினால் அந்த 100-இலும் வெட்டும்.