பிரின்டரை ‘ரீசெட்’ செய்வது எப்படி? ஒரு ஞாயிறு காலைக் கேள்வி பதில்

ஹட்டனில் ஒரு சிறிய கடையில் பல வருடங்களாகப் பிரின்டர்களைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், இன்று நண்பகல் வரை வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ரீசெட்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் ஐந்து தனித்தனி வேலைகளை அடக்கி வைத்திருக்கிறோம். மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுப்பது ஒன்று. கணினியில் தேங்கிய அச்சு வரிசையைத் துடைப்பது இன்னொன்று. வைஃபை விபரங்களை அழிப்பது, எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது, கழிவு மையைக் கணக்கிட உள்ளேயுள்ள எண்ணியைப் பூச்சியமாக்குவது என்பன மற்றவை. உங்கள் கோளாறு எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இருவருக்கும் நேரம் மிஞ்சும்.

இன்னுமொன்று. மை பிரின்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணையுங்கள். சுவர்ச் சுவிட்சால் அணைக்காதீர்கள்.

தலவாக்கலை, ஆசிரியை: தவணைப் பரீட்சை வினாத்தாளை அச்சிடும்போது மின்சாரம் போய் வேலை நடுவில் நின்றுவிட்டது. கணினியில் அந்த வேலையை நீக்கினால் ‘டிலீட்டிங்’ என்று காட்டியபடியே நிற்கிறது. பிரின்டரை ஆறு தடவை அணைத்து எழுப்பினேன்; எழும்பியவுடன் பாதி எழுத்தும் பாதிக் குறிகளுமாக ஒரு தாளைத் துப்புகிறது.

பதில்: டீச்சர், கோளாறு உங்கள் கணினியில் இருக்கிறது, பிரின்டரை அறுபது தடவை அணைத்தாலும் அது போகாது. நீங்கள் அனுப்பும் வேலை முதலில் விண்டோஸின் ஸ்பூலர் என்ற பகுதியில் கோப்பாகச் சேர்ந்து, அங்கிருந்து சிறிது சிறிதாகப் பிரின்டருக்குப் போகிறது. இடையில் அறுந்துபோனால், பிரின்டர் உயிர்பெறும் ஒவ்வொரு தடவையும் கணினி மிச்சத்தைத் தள்ளப் பார்க்கும். தொடக்கப் பகுதி இல்லாமல் வந்து சேரும் அந்த மிச்சத்தை என்னவென்று விளங்கிக்கொள்ள முடியாமல் பிரின்டர் குறிகளாகக் கொட்டும்.

பிரின்டரைப் பொத்தானால் அணைத்து, கேபிளைக் கழற்றுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘சேர்விசஸ்’ என்று தட்டித் திறந்தால் வரும் நீண்ட பட்டியலில் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்பதை வலது பொத்தானால் சொடுக்கி ‘ஸ்டொப்’ கொடுங்கள். பிறகு சீ டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரின்டர்ஸ் என்ற கோப்புறைக்குப் போங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள். ஒரு வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு கோப்புகள் அங்கே கிடக்கும். அவற்றை மட்டும் அழியுங்கள், கோப்புறையைத் தொடாதீர்கள். மறுபடி ஸ்பூலருக்கு ‘ஸ்டார்ட்’ கொடுத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். நீங்கள் தட்டச்சு செய்து சேமித்த வினாத்தாளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

பண்டாரவளை, தொடர்பாடல் நிலையம்: மின்வெட்டுக்குப் பிறகு எல்லா விளக்குகளும் ஒன்றாக மினுங்குகின்றன. எந்தப் பொத்தானுக்கும் அசைவில்லை.

பதில்: பொத்தானுக்கே அசையாத நிலையில் மட்டும் கம்பியை இழுக்கலாம். பின்புறக் கம்பியையும் சுவரிலுள்ள பிளக்கையும் கழற்றி 60 செக்கன் பொறுத்திருங்கள். மின்வழங்கிப் பகுதியில் மின்னைத் தேக்கி வைத்திருக்கும் கொள்ளளவிகள் வடிந்து, தற்காலிக நினைவகம் வெறுமையாவதற்கு அந்த நேரம் வேண்டும்; ஐந்து செக்கனில் செருகினால் பழைய குழப்பத்தோடேயே எழும்பக்கூடும். பிறகு நீட்டிப்புப் பெட்டியை விட்டுவிட்டு நேரே சுவரில் செருகுங்கள். லேசர் பிரின்டராக இருந்தால் சிறிய யூபீஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். டோனரை உருக்கும் உருளை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டியிருப்பதால், அது ஒரே மூச்சில் இழுக்கும் மின்னோட்டத்தை அந்தப் பெட்டி தாங்காது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை இடி தொடங்கினால், அணைத்தபின் பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

நுவரெலியா, கணினிப் பாட ஆசிரியர்: தயாரிப்பாளரின் வழிகாட்டியிலேயே ‘இயங்கிக்கொண்டிருக்கும்போதே கம்பியைக் கழற்று’ என்று இருக்கிறது. நீங்கள் கூடாது என்கிறீர்கள்.

பதில்: நீங்கள் வாசித்தது சரிதான், சேர். அது இறுகிப்போன இயந்திரத்துக்கான மருந்து. மருந்தை மூன்று வேளைச் சோறாக உண்ணக் கூடாது. பொத்தானால் அணைக்கும்போது, தாளில் மையைத் தெளிக்கும் அச்சுத்தலை ஓரத்துக்குப் போய், ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சுவிட்சால் அணைத்தால் போகும் வழியிலேயே நின்றுவிடலாம். முடியைவிட மெல்லிய துளைகள் காற்றில் திறந்து கிடந்து மை காயும். அடுத்த முறை எழும்பும்போது இயந்திரம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். கழுவிய மை எங்கே போகிறது என்பதைக் கொட்டகலைக்காரரின் கேள்வியில் பார்ப்போம். ஆகவே கம்பியை இழுத்தவர்களும் மின்வெட்டில் அகப்பட்டவர்களும், மின்சாரம் வந்ததும் ஒரு தடவை எழுப்பி, சத்தம் அடங்கியபின் பொத்தானால் அணைத்து வையுங்கள்.

மஸ்கெலியா, தோட்ட அலுவலக எழுதுவினைஞர்: ரவுட்டரை மாற்றிவிட்டார்கள். சம்பளப் பட்டியல் எடுக்க வேண்டும். பிரின்டர் இணையவே மறுக்கிறது.

பதில்: அவசரமென்றால் ரீசெட்டே தேவையில்லை. புதிய ரவுட்டரின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையதற்கு இருந்தபடியே, எழுத்துப் பிசகாமல் மாற்றி வையுங்கள். பிரின்டர் வித்தியாசம் அறியாமல் இணைந்துகொள்ளும். அதற்கு வழியில்லையென்றால், திரையுள்ள இயந்திரத்தில் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கும் தெரிவு இருக்கும். திரையில்லாதவற்றில் சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால் கையேட்டைப் பாருங்கள். ரவுட்டரில், கடவுச்சொல் தட்டாமலே இணைக்க உதவும் டபிள்யூபீஎஸ் பொத்தானை அழுத்தினால் உங்களுக்கு 2 நிமிடம்தான் அவகாசம். வீட்டுப் பிரின்டர்களில் பல 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால், 5 கிகாஹேட்ஸ் பெயரைத் தேடி மினக்கெடாதீர்கள்.

ராகலை: எங்கள் பிரின்டர் தினமும் காலையில் ‘ஓஃப்லைன்’ என்கிறது. தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனால் இரண்டு நாள் வேலை செய்கிறது. பிறகு மறுபடி அதே கதை.

பதில்: ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியை இரவலாகத்தான் கொடுக்கிறது. இரவில் மின்சாரம் போய் வந்தால் பிரின்டருக்கு வேறு முகவரி கிடைக்கலாம்; கணினியோ பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போய்ப் பிரின்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, கணினியில் அதே முகவரியில் பிரின்டரை ஒரு தடவை சேர்த்துவிடுங்கள். தொழிற்சாலை நிலையை மறந்துவிடுங்கள்.

நானுஓயா: இரண்டு மூன்று தாள்கள் ஒன்றாக இழுபட்டுச் சிக்குகின்றன. முழுமையாக ரீசெட் செய்தும் சரிவரவில்லை.

பதில்: ஈரத்தை ரீசெட் செய்ய முடியாது. மிஸ்ட் இறங்கும் ஊரில் ரீமைப் பிரித்து மேசையில் வைத்தால், இரண்டு நாளில் கடதாசி ஓரம் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை உறையோடு, மூடியிறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தட்டில் பாதியளவு மட்டும், விசிறிப் பிரித்துவிட்டு வையுங்கள். தாளை இழுக்கும் ரப்பர் உருளையைப் பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அது பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. கடதாசியை அடுப்பங்கரையில் காயவைத்துக் கொண்டுவந்தவரும் உண்டு. புகைவாசம் மட்டும்தான் மிஞ்சியது.

பதுளை: கோடு கோடாக விழுகிறது. எட்டுத் தடவை தலையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

பதில்: நிறுத்துங்கள். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். 12 மணித்தியாலம் அச்சிடாமல் விட்டு, நாளை துளைச் சோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். அணைக்கும்போது பொத்தானால்.

கொட்டகலை, தொடர்பாடல் நிலைய உரிமையாளர்: மைத்தொட்டிப் பிரின்டரில் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுங்குகின்றன. மைப் பஞ்சின் ஆயுள் முடிந்தது என்று கணினியில் செய்தி வருகிறது. ரீசெட் மென்பொருளை அனுப்பிவிடுங்கள் அண்ணன், நாளைக்குக் கடை திறக்க வேண்டும்.

பதில்: தம்பி, இதற்குத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். தலையைக் கழுவும் ஒவ்வொரு தடவையும் வெளியேறும் மை, அடியிலுள்ள ஒரு பஞ்சில் போய்த் தேங்குகிறது. பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் பஞ்சு நனைந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் எதுவும் கிடையாது. எத்தனை கழுவலுக்கு எவ்வளவு மை போயிருக்கும் என்று ஓர் எண்ணி கூட்டிக்கொண்டே வரும். வரம்பு வந்ததும் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். கெனன் இயந்திரங்களில் 5பீ00 என்ற பிழை எண் வருவதும் இதுவே. மென்பொருள் எண்ணியைப் பூச்சியமாக்குமே தவிர, பஞ்சிலிருந்து ஒரு சொட்டையும் எடுக்காது. பஞ்சை மாற்றிவிட்டு எண்ணியை மாற்றுங்கள். பென்டிரைவில் கைமாறும் அந்த மென்பொருள்களில் பல, வைரஸ் காவலை அணைக்கச் சொல்லித்தான் தொடங்கும்; அடையாள அட்டைப் பிரதிகள் நிறைந்த கணினியில் அதைச் செய்வீர்களா?

கொட்டகலை: இரண்டு தடவை எண்ணியை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே.

நுவரெலியா, கணினிப் பாட ஆசிரியர்: அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தயாரிப்பாளர் வரம்பைக் கொஞ்சம் முன்கூட்டியே வைத்திருப்பார். மையில் பெரும்பகுதி தண்ணீர், அது ஆவியாகிவிடும்.

பதில்: சேர், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத ஆனி, ஆடியில், ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடிவயிற்றில் இருக்கும் பஞ்சு எப்படிக் காயும்? மட்டக்களப்பில் இருப்பவர் உங்கள் வாதத்தை வைத்தால் கொஞ்சம் யோசிப்பேன்.

ஒரு பாடசாலை இயந்திரத்தைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். மேசையில் வைக்கச் சரித்தபோது அடிப்பக்கத்தால் கறுப்பு மை ஒழுகத் தொடங்கியது. எண்ணியை முன்பு இரண்டு தடவை பூச்சியமாக்கியிருந்தார்கள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பஞ்சு, விரலால் அழுத்தினால் ஓரத்தில் மை பொங்கும் கருங்களியாகியிருந்தது. பாடசாலையில் அந்த இயந்திரத்துக்கு அடியில் இருந்தது மாணவர் வரவு இடாப்பு. இரண்டு மாத வரவை அதிபர் மறுபடி எழுதவேண்டியதாயிற்று.

கொட்டகலை: பஞ்சுக்கு எங்கே போவது? டவுனில் கிடைப்பதில்லை.

பதில்: கண்டிக்கு யாராவது போகும்போது மாதிரி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரும்வரை பழையதைக் கழற்றிப் பார்க்கவாவது செய்யுங்கள். சில மாதிரிகளில் பின்புறத்திலுள்ள ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் பஞ்சுப் பெட்டி கையோடு வந்துவிடும். அடுத்த முறை வாங்கும்போது, பராமரிப்புப் பெட்டி எனப்படும் அந்தப் பஞ்சுப் பெட்டியைப் பாவிப்பவரே மாற்றக்கூடிய மாதிரியாகப் பாருங்கள்.

வெலிமடை: எங்கள் பிரின்டர் ‘ஓஃப்லைன்’ என்கிறது.

பதில்: ராகலைக்கு எழுதியதை வாசியுங்கள்.

புசல்லாவை: பிரின்டர் ‘ஓஃப்லைன்’. ரீசெட் பொத்தான் எங்கே இருக்கிறது?

பதில்: ராகலை. அதற்குமுன் அச்சு வரிசைச் சாளரத்தில் ‘யூஸ் பிரின்டர் ஓஃப்லைன்’ என்பதில் சரி அடையாளம் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்புத்தளை: வீட்டில் தட்டிய தமிழ்க் கடிதம் கடையில் அச்சிட்டபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. கடைப் பிரின்டரை ரீசெட் செய்யச் சொல்லலாமா?

பதில்: அரைப்புள்ளிகள் நிறைந்திருந்தால் நீங்கள் பாமினியில் தட்டியிருக்கிறீர்கள், கடைக்காரரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. வீட்டிலேயே பீடிஎப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

கம்பளை: மாத வாடகைக்கு எடுத்த பெரிய கொப்பி இயந்திரம் ஒரு பிழை எண்ணைக் காட்டுகிறது.

பதில்: அதைத் தந்தவரை அழையுங்கள். நீங்கள் எதையும் அழுத்த வேண்டாம்.

நாவலப்பிட்டி, அலுவலக உதவியாளர்: பழைய பல்நோக்கு இயந்திரத்தை ஒரு முன்பள்ளிக்குக் கொடுக்கப் போகிறோம். ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: காலையிலிருந்து வேண்டாம் என்று நான் தடுத்த தொழிற்சாலை நிலை ரீசெட்டை இப்போது செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல், ஸ்கேன் அனுப்பும் மின்னஞ்சல் முகவரிகள், தொலைநகல் எண்கள் யாவும் அதில்தான் அழியும். பெரிய அலுவலக இயந்திரங்கள் சிலவற்றில் வன்தட்டும் உண்டு. அதில் பிரதியெடுத்த ஆவணங்கள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், தரவை அழிக்கும் தெரிவைத் தனியாகத் தேடிச் செய்யுங்கள். ஸ்கேனர் கண்ணாடியின் மூடியையும் திறந்து பாருங்கள். மறந்துவிட்ட பிறப்புச் சான்றிதழ்களை நான் அங்கிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கொட்டகலை: திருகாணியைக் கழற்றிவிட்டேன் அண்ணன். பெட்டியின் ஓரம்வரை மை நிற்கிறது. பஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா?

பதில்: புதியது வரும்வரை போடலாம், முற்றாகக் காய்ந்தால் மட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த மை ஒரு வாரத்துக்கு நகத்தைவிட்டுப் போகாது. ஒரு பழைய வாளியில் ஊறவைத்துப் பிழியுங்கள். அந்தத் தண்ணீரைக் கடைக்குப் பின்னாலுள்ள கானில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள் தம்பி, அந்தக் கான் கீழே எந்த லயத்துக் குடியிருப்பின் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தால் போகிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.