சிவில் முடித்து 2 ஆண்டாக சைட் இன்ஜினியர். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டும் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக என்ன வழி?

முதலில் சைட்டிலிருந்து, முடிந்த வேலையை அளந்து பில் போடும் பில்லிங் பிரிவுக்கு ஒரு வருடம் மாற்றல் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் பலர் ப்ரைமவேரா (திட்டமிடல் மென்பொருள்), பி.எம்.பி. (திட்ட மேலாண்மைச் சான்றிதழ்) என்று ஓடுகிறார்கள். இரண்டும் உதவும், ஆனால் பிறகு படித்துக்கொள்ளலாம். வேலையின் அளவும் அதன் பணமும் கைக்குள் வராதவரை மேனேஜர் பொறுப்பை யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

பில்லிங்கில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.9 மீட்டருக்கு 2.1 மீட்டர், அதாவது 1.89 சதுர மீட்டர். ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நிர்ணய அளவு முறைப்படி பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட கதவு, ஜன்னல் திறப்பை அளவில் கழிக்கவே வேண்டாம், 0.5 முதல் 3 வரை இருந்தால், இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். 60 வீடு, வீட்டுக்கு 7 கதவு என்றால் 420 கதவு. கழிக்க மறந்தால் ஏறத்தாழ 794 சதுர மீட்டர் பூச்சுக்கு நிறுவனம் வீணாகப் பணம் கொடுக்கும். இரு பக்கமும் கழித்துவிட்டால் ஒப்பந்தக்காரர் ஆளைக் குறைப்பார், வேலை படுக்கும். கம்பியும் அப்படித்தான்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மி.மீ. கம்பிக்கு 0.617. லாரியில் வந்திறங்கிய கம்பி எடை, ஸ்லாபில் (கான்கிரீட் தளத்தில்) கட்டிய எடை, மிச்சத் துண்டு மூன்றையும் மாதாமாதம் ஒத்துப் பார்த்துவிட்டால், எங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த ஒரு வருடம் திட்டமிடல். 4,000 சதுர அடி ஸ்லாப், 5 அங்குல கனம் என்றால், பீம் சேர்க்காமலே சுமார் 47 கன மீட்டர் கான்கிரீட். 6 கன மீட்டர் வண்டி என்றால் 8 நடை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456 படி இந்த அளவுக்கு 4 மாதிரி, மாதிரிக்கு 3 க்யூப் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி), ஆக 12 க்யூப் அச்சு காலையிலேயே எண்ணெய் தடவித் தயாராக இருக்க வேண்டும். ரெடிமிக்ஸை (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்டை) வண்டியில் ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். பகலில் லாரிக்குத் தடை உள்ள சாலை என்றால் முழு ஸ்லாபும் இரவு வேலை. விளக்கு, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டருக்கு மாற்று, இரண்டாவது ஷிப்ட் ஆள் எல்லாம் முந்தைய நாளே உறுதியாகியிருக்க வேண்டும். வண்டி தாமதமாகிக் கலவை இறுகினால் ஆட்கள் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். 28ஆம் நாள் சோதனையில் க்யூப் பலம் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தத் தண்ணீர்க் குழாயை அங்கே நிற்க விடாதீர்கள்.

சைட் ஆட்கள் கோட்டை விடும் இடம் காகிதம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புலப்படம் நான்கையும் பக்கத்தில் வைத்து, மனையின் நான்கு பக்க அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று என்று இருந்தால் திட்ட அனுமதி அங்கேயே நிற்கும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019ஐ வரி வரியாகப் படியுங்கள். 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். சுற்றிவர விட வேண்டிய இடம், சாலை அகலம், தீயணைப்புத் துறை அனுமதி எல்லாமே மாறிவிடும்.

பக்க இடைவெளியைத் தூண் குறிக்கும் நாளிலேயே டேப் வைத்து அளந்து, வெளிப்பூச்சுக்கும் 20 மி.மீ. விட்டுக் கணக்குப் பாருங்கள். நடுவில் யாராவது பால்கனியை ஓரடி நீட்டச் சொன்னால் எழுத்தில் மறுத்துவிடுங்கள். அனுமதி வரைபடத்துக்கு மாறாக இருந்தால் பணிநிறைவுச் சான்றிதழ் சிக்கும். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீரும் வராது. பெயின்ட் வரை முடித்த கட்டடம் சாவி கொடுக்க முடியாமல் நிற்பது இப்படித்தான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தைச் சட்டப் பிரிவுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்கும். வேலை எவ்வளவு முடிந்தது என்று பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தந்தால்தான் அந்த அளவுக்கு எடுக்க முடியும். ஆகவே உங்கள் ஸ்லாப் 3 வாரம் பிந்தினால் சிமென்ட் வாங்கும் பணமும் பிந்தும். ஒப்படைத்த பின்னும் 5 ஆண்டுக்குக் கட்டமைப்புக் குறை, வேலைக் குறை எல்லாம் நிறுவனத்தின் செலவு. புகார் வந்த 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அதனால்தான் குளியலறைத் தாழ்தளத்தில் நீர்க்காப்பு பூசி, டைல்ஸ் ஒட்டும் முன் 72 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையைத் தொட்டுப் பார்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது. அவசரத்தில் 24 மணி நேரத்தில் வடித்துவிடுவார்கள்; கசிவு அப்புறம் குழாய் ஓட்டையைச் சுற்றித்தான் வரும்.

மேற்படிப்பு வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டுமான மேலாண்மை எம்.இ. நல்ல தேர்வு. ஆனால் வேலையை விட்டுவிட்டுப் போகும் முன் ஒரு திட்டத்தையாவது மனை பார்ப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரை முழுதாகப் பாருங்கள். ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தால் சாவி கொடுக்கும் கட்டம் கண்ணில் படாது. அடுத்த மாறுதல் கட்டிவிற்கும் நிறுவனத்துக்கே இருக்கட்டும், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சரி. நேர்காணலில், இப்போது ஒப்படைப்புக்கு நெருங்கிய திட்டம் எது, என்னை அதில் போடுவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.